அத்தை அவித்த வேர்

போன மாதம் ஒரு காலையில் என் மகள் என் கையைப் பிடித்து அழைத்துப்போய் மீன் தொட்டியைக் காட்டினாள். தென்காசியில் அவள் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். முந்தின நாள் தொட்டிக்குள் அழகுக்காக ஒரு மரத்துண்டைப் போட்டிருந்தார்கள். விடிந்து பார்த்தால் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் நின்றது.

"வேலைக்கு வாற அக்கா எதையாவது ஊத்திருப்பாளோம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அந்த அக்கா அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது மரத்துக் கறை. மீனுக்கு ஒண்ணும் செய்யாது. பிடிக்கலேன்னா எடுத்து நாலு தண்ணி மாத்தி அவிச்சு, ஊறவச்சுப் போடு" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

மகளுக்குப் பதில் சொல்லவில்லை. என் வயதுக்காரர்களே, உங்களுக்குச் சொல்கிறேன். நாமெல்லாம் சின்ன வயதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் அருவியும் சாரலும் பலாச்சுளையும்தான் வருகின்றன. வீட்டிலிருந்த எல்லோரும் நல்லவர்களாகவே இருந்த மாதிரி பேசுகிறோம். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை கிடையாது. எனக்குப் பதினோரு வயதான ஒரு சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்துக்கொண்டுதான் இருந்தோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

அந்த ஆனி மாதம் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கையில் ஒரு தகரப்பெட்டி, ஒரு குடை. கடையத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மாமனார் வீட்டில் கொஞ்ச காலம், புருஷன் வேலை பார்த்த திருவனந்தபுரத்தில் மூன்று வருஷம், மறுபடி கடையம் என்று இருந்தவள். பிள்ளை இல்லை. ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

"ஆடிக்கு அழைக்கது புதுப்பொண்ணத்தான. கல்யாணமாயி ஆறு வருசமானவ ஆனியிலயே வந்து நிக்காளே, என்ன விசயம்?" என்று எதிர் வீட்டுக்காரி அம்மாவிடம் கேட்டாள்.

"சாரலுக்கு வந்திருக்கா" என்றாள் அம்மா. ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சோற்றின்போது அம்மாவின் கண் அத்தையின் இடுப்பிலேயே இருந்தது. தகரப்பெட்டியின் சாவி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. "நம்ம வீட்டுக்குள்ள பூட்டு போடுத அளவுக்கு அப்படி என்ன வச்சிருக்கா?" என்று பிறகு என்னிடம் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

அடுத்த வாரம் மாமா மீன் தொட்டியோடு வந்தார். அம்மாவின் தம்பி. செங்கோட்டையில் ஒரு மர டிப்போவில் மேற்பார்வை பார்த்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காதோரம் சென்ட். வேலை விஷயமாகக் கொல்லம் போனவர், வைக்கோல் பொதிந்த கண்ணாடித் தொட்டியையும் ஒரு தூக்குவாளி நிறைய தண்ணீரில் ஐந்து தங்கமீன்களையும் ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார். தொட்டியின் விளிம்பெல்லாம் பச்சைப் பெயின்ட் அடித்த தகரம். எங்கள் தெருவில் அதற்கு முன் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி அழுத்தி, சாயங்காலத்துக்குள் தொட்டியெல்லாம் மூக்குத்தடம்.

மீன்கள் ஐந்தும் ஒரே மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. கூழாங்கல்லைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. அத்தை தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "மறைஞ்சுக்க எடமில்லாம மெரளுதுக. உள்ள ஒரு வேர் கெடந்தா சரியாயிரும்" என்றாள். திருவனந்தபுரத்தில் அவள் குடியிருந்த வீட்டுக்காரர் நாலைந்து தொட்டி வைத்திருந்தாராம். மாமா அதைக் கேட்காதது போல அம்மாவிடம் காப்பி கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனோம். பேரருவிக்குக் கீழே ஆட்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் மான் கொம்பு மாதிரி ஒரு மரத்துண்டு கிடந்தது. கருப்பாக, வழவழவென்று. நான்தான் கண்டெடுத்தேன். ஓடிப்போய் அத்தையிடம் கொடுத்தேன். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது வேண்டாம்ட்டி. ஊருல உள்ளவன் தேச்ச எண்ணெயும் சோப்பும் எல்லாம் குடிச்சிருக்கு. எத்தன தடவ அவிச்சாலும் கக்கிக்கிட்டேதான் இருக்கும்."

சொல்லிவிட்டு வீசி எறிந்தாள். நான் எடுத்தது என்பதால்தான் எறிந்தாள் என்று நினைத்தேன். அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

பிறகு ஐந்தருவிப் பக்கம் ஓடைக்கரையில் அவளே தேடினாள். ஒடிந்து விழுந்த பச்சைக் கிளையைத் தொடவில்லை; உள்ளே சாறு இருக்கும் என்றாள். இன்னொரு துண்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், விரல் உள்ளே போனது, அதையும் போட்டாள். கடைசியில் இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டிக் கிடந்த ஒரு வேரை இழுத்தெடுத்தாள். பட்டையெல்லாம் எப்போதோ உரிந்து, வெள்ளத்திலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் நிறமாகியிருந்தது. பாறையில் தட்டினாள். கல்லோடு கல் மோதின மாதிரி சத்தம். நகத்தால் கீறினாள், தடம் விழவில்லை.

"என்ன மரமோ ஏதோ. அரளி கிரளியா இருந்தா?" என்றாள் அம்மா.

"அரளி இம்புட்டுக் கனக்காது மதினி. மருத வேர்தான். அந்தா மரமே நிக்கு" என்று அத்தை கரையைக் காட்டினாள்.

இதை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். அரளி என்ற சொல்லைச் சொன்னது அம்மா. பின்னால் தெருவில் அந்தக் கதை சொல்லப்பட்டபோது அது அத்தை வாயிலிருந்து வந்ததாக ஆகியிருந்தது. அம்மா பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. அப்படித்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

கிணற்றடியில் நெல் அவிக்கும் அண்டா கவிழ்ந்து கிடந்தது. வயலைக் குத்தகைக்கு விட்ட பிறகு அதற்கு வேலை இல்லை. அத்தை மூன்று கல் கூட்டி அதை ஏற்றினாள். வேரைத் தேங்காய் நாரால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி உள்ளே வைத்தாள். அண்டாவைவிட வேர் நீளம். ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிப் போட்டு மறுபக்கம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் சிவந்து, பிறகு கறுத்தது. நனைந்த பட்டையும் கஷாயமும் கலந்த வாசம் அடித்தது. நான் ஆறின தண்ணீரில் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். பாக்கு மாதிரி துவர்த்தது.

அதை வாழைமூட்டில் கொட்டிவிட்டு, மறுநாள் புதுத் தண்ணீர் விட்டு மறுபடி அவித்தாள். அதற்கு மறுநாளும்.

"எதுக்கு அத்தை இத்தன தடவ?"

"புதுச் சட்டியப் பழக்காம கொழம்பு வைப்பியா? அதே மாதிரிதான். உள்ள இருக்கதயெல்லாம் கக்கட்டும். புழு பூச்சி இருந்தாலும் போயிரும்."

எதிர் வீட்டுக்காரி கிணற்றடிப் பக்கம் வந்து தலையை நீட்டினாள். "வேர் அவிக்காளா?" என்றாள் அம்மாவிடம். கொஞ்ச நேரம் கழித்து, "யாருக்கு?" என்றாள்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். சோற்றில் மருந்து வைத்து ஆண்பிள்ளையைத் தன் பக்கம் திருப்பிவிடுவார்கள் என்று எத்தனை கதை கேட்டிருப்போம். அண்ணனைக் கைக்குள் போட்டுக்கொண்டால் அத்தைக்கு இந்த வீட்டிலேயே இருந்துவிடலாம் அல்லவா. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அப்பாவுக்குக் காப்பியை அம்மாவே ஆற்றி, அம்மாவே கையில் கொடுத்து, குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஏட்டி, அவ பின்னாலயே இரு. எங்க போறா, எதத் தொடுதா, எல்லாத்தையும் எங்கிட்ட வந்து சொல்லணும்."

எனக்கு அதுவரை யாரும் அப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை. அத்தை குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றேன். பெட்டியைத் திறந்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன். பிரியத்தில்தான் பின்னாலேயே சுற்றுகிறேன் என்று நினைத்து அவள் தன் பங்கு பலாச்சுளையில் பாதியை எனக்குக் கொடுத்தாள். அதைத் தின்றுவிட்டு, அவள் கொடுத்தாள் என்பதையும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

அவித்த வேரைச் சிமென்ட் தொட்டியில் போட்டு மேலே அம்மிக்கல் பாரம் வைத்தாள் அத்தை. தினமும் தண்ணீர் மாற்றினாள். இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் கல்லை எடுத்ததும் வேர் மேலே வராமல் அடியிலேயே கிடந்தது. "தாந்துட்டு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் வந்த பிறகு சிரித்து நான் பார்த்தது அதுதான். அதையும் அம்மாவிடம் சொன்னேன்.

மீன் தொட்டிக்குள் வேர் போனது. மீன்கள் அதற்கடியில் போய் ஒளிந்தன. இரண்டாம் நாள் வெளியே வந்தன. மூன்றாம் நாள் தொட்டி முழுக்கத் தங்கள் சொத்து மாதிரி திரிந்தன. தண்ணீர் மட்டும் லேசாகத் தேயிலை நிறம் ஆனது.

"கொஞ்சங் கொஞ்சமா வெளுத்துரும் மதினி. மீனுக்கு நல்லதுதான்" என்றாள் அத்தை.

"நெறத்தப் பாத்தா நல்லதுக்குன்னு தோணலயே" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். "மீனு நல்லாத்தான இருக்கு" என்று அப்பா பேப்பரைப் புரட்டினார். துணிக்கடையில் நாள் முழுக்கப் பேசுகிறவர். வீட்டில் அவர் பேசினது குறைவு.

அம்மா மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை வந்த மாமா தொட்டியைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"இதுல என்னக்கா இருக்கு. ஒரு கை வார்னிஷ் குடுத்தா சாயமும் எறங்காது, பார்க்கவும் பளபளன்னு இருக்கும். டிப்போல நெறைய கெடக்கு."

அத்தை உள்வாசலில் நின்றபடி, "வார்னிஷ் வேண்டாம். மீனு தாங்காது" என்றாள்.

மாமா அவளைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "மரத்தப் பத்தி எனக்கே சொல்லித் தாராங்க."

அவர் எடுத்துப்போன வேர் மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது புது நாற்காலிக் கால் மாதிரி மின்னியது. தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டார்கள். ஒரு சொட்டுச் சாயம் இறங்கவில்லை. எதிர் வீட்டுக்காரி வந்து, "இப்பல்லா தொட்டி தொட்டி மாதிரி இருக்கு" என்றாள்.

சைக்கிள் கடையில் அடிக்கிற மாதிரி ஒரு வாசம் மட்டும் இருந்தது. பத்து மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் விழும்போது தண்ணீர் மேல் மெல்லிசாக ஒரு படலம் தெரிந்தது. ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாக வளைந்து வளைந்து போனது. விரலால் கலைத்தேன், பிரிந்து திரும்பவும் கூடியது. அவ்வளவு அழகாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. அத்தை என்ன செய்கிறாள் என்று சொல்லத்தான் எனக்கு உத்தரவு. தண்ணீர் என்ன செய்கிறது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்று வாங்குகின்றன என்று பேசிக்கொண்டோம். அதற்கு அடுத்த நாள் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது. பிறகு இன்னும் இரண்டு. அம்மா செத்த மீனை முறத்தில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தாள். என்னிடம் வந்து, "நீ ஒழுங்கா பாத்தியா இல்லையா?" என்றாள். என் வேலையில் குறை வந்துவிட்டது என்று எனக்கு அழுகை வந்தது.

அதனால்தான் மறுநாள் விடிந்தும் விடியாமலும் எழுந்தேன். முன்னறையில் அத்தை தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"அம்மைய எழுப்பாத" என்றாள்.

நேரே போய் அம்மாவை எழுப்பினேன்.

அம்மா வந்து பார்த்தபோது தொட்டியில் மீன் இல்லை. மிச்சமிருந்த இரண்டும் கிணற்றடியில் ஒரு வாளி நல்ல தண்ணீரில் கிடந்தன. உயிரோடுதான் இருந்தன.

"நல்லத எல்லாம் தனக்குன்னு ஒதுக்கி வச்சுக்கிட்டு மத்தத கொன்னிருக்கா" என்றாள் அம்மா. அத்தை எவ்வளவோ சொன்னாள். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டையும் திரும்பத் தொட்டியில் கொட்டினாள். மத்தியானத்துக்குள் அவையும் செத்தன.

அதற்கு முன்பே அப்பா குளித்துவிட்டு வந்திருந்தார். "இவ கண்ணால பாத்திருக்கா. கேளுங்க" என்று அம்மா என்னை முன்னால் தள்ளினாள்.

"என்ன பாத்த?"

"அத்தை தொட்டிக்குள்ள கைய விட்டிருந்தா. அம்மாவ எழுப்பாதன்னு சொன்னா."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்பா தொட்டி மேல் குனிந்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தையிடம் சொன்னார்: "நாளைக் காலைல கடையத்துல கொண்டு விடுதேன்."

"அண்ணே, அங்கன இப்ப இன்னொருத்தி இருக்கா" என்றாள் அத்தை.

அவள் ஏன் வந்தாள் என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள்.

கிளம்பும்போது முன்னறையில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். நாலு சேலை, ஒரு சீப்பு, கல்யாணப் போட்டோ. "எதையாவது எடுத்துட்டுப் போனேன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாதுல்லா மதினி" என்று சொல்லி, திரும்ப அடுக்கிப் பூட்டினாள். சாரல் தூறிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் பின்னால் நடந்து போனாள்.

அந்த வாரமே மாமா வந்து வேரை எடுத்துப்போனார். என்ன செய்தார் என்று தெரியாது. அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு மீன் வரவில்லை. தொட்டியில் அம்மா புளி போட்டு வைத்தாள்.

கடையத்தில் அத்தை இரண்டு வருஷம் பின்கட்டில் இருந்தாள். அந்த இன்னொருத்தியின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, அவர்கள் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு இருந்தாள் என்று கேள்விப்பட்டோம். பிறகு வீரகேரளம்புதூரில் ஒரு பால்வாடியில் வேலை கிடைத்துத் தனியே போய்விட்டாள். கல்யாண வீடுகளில் பார்ப்பேன். என்ன படிக்கிறாய் என்று கேட்பாள். பதில் சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விடுவேன்.

எனக்குக் கல்யாணமாகி, சொந்த வீட்டுக் கதவுகளுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. பெயின்டர் பிரஷ்ஷை முக்கின வாளித் தண்ணீரில் அதே ஊதா, அதே பச்சை, அதே மஞ்சள் வளைந்து போனது. அதே வாசம். அப்போதும் நான் அத்தையைத் தேடிப் போகவில்லை. அம்மா உயிரோடு இருந்தாள்; மாமா இருந்தார்; எதற்குப் பழையதைக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள நமக்குக் காரணமா கிடைக்காது. பிறகு ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அப்போதும் போகவில்லை.

போன மாதம் மகள் அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள் பஸ் ஏறினேன். வீரகேரளம்புதூரில் ஒரு அறையும் அடுப்படியும் உள்ள வீடு. அத்தைக்கு எண்பது நெருங்குகிறது. கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள். காப்பி போட்டுத் தந்துவிட்டு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அத்தை, அந்த மீன் செத்தது மாமா அடிச்ச வார்னிஷாலதான். தண்ணி மேல எண்ணெய் மாதிரி மெதந்துச்சு. நான் பாத்தேன். சொல்லல" என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது அவ்வளவுதான்.

"தெரியும்" என்றாள். கை நிற்கவில்லை.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா. நான் இங்கன வந்த மறு வருசம் வந்தாவ. அந்த வாசல்லயே நின்னுட்டுச் சொன்னாவ. தப்பு நடந்துபோச்சு, எங்க அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு. சரின்னுட்டேன்."

கீரையை முறத்தில் போட்டுவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள்.

"உங்க அப்பாவும் வந்தாவ. அண்ணன் அன்னைக்குக் காலைலயே தொட்டிய மோந்து பாத்துட்டாவளாம். வீட்டுல தெனமும் சண்ட, அதான் பேசாம இருந்துட்டேன், நீ வெளிய சொல்லிராதன்னு அழுதாவ. அதுக்கும் சரின்னுட்டேன்."

வாழ்நாளில் நான் யார் யாரையோ சந்தேகப்பட்டிருக்கிறேன். அப்பாவை ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை. கையில் இருந்த கொத்தை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தேன்.

"நீ மூணாவது ஆளு" என்றாள் அத்தை. "நீயும் வெளிய சொல்லாதன்னு கேக்கத்தான் வந்தியா?"

"இல்ல அத்தை. சொல்லப்போறேன். எழுதப்போறேன்."

அவள் காம்பை எல்லாம் திரட்டி ஒரு ஓரமாக ஒதுக்கினாள்.

"எழுது. ஆனா உங்க அம்மைய ரொம்பக் கொற சொல்லி எழுதாத. அந்த வீட்டுல அவ ஒருத்திதான் நெசமாவே என்னயச் சந்தேகப்பட்டா. மத்தவங்க எல்லாருக்கும் தெரியும்."